வயிற்றெரிச்சலுக்கு அதிமதுரப் பொடி: அப்பாவுக்குக் கால் வீங்குகிறது, சம்பந்தம் உண்டா?

வைகைக்கரை
8 மார்ச், மாலை 6.12

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 71 வயது. பிரஷருக்கு ஆறு வருஷமாக அம்லோடிபின் 5, காலையில் ஒன்று. சுகர் இல்லை. பொங்கல் கழிந்ததிலிருந்து நெஞ்செரிச்சல், புளியேப்பம், சாப்பிட்டு எழுந்தால் மேல்வயிறு கல் மாதிரி கனக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாக்கிங் போகும் இடத்தில் ஒருவர் சொன்னாராம். நாட்டுமருந்துக் கடையில் அதிமதுரப் பொடி வாங்கி வந்து வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். எரிச்சல் நிஜமாகவே குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

பத்து நாளாகக் கணுக்கால் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிதானமாக எழும்புகிறது. 130-ஐத் தாண்டாத பிரஷர் 172/96. டாக்டரிடம் போனோம், நீர் பிரிகிற மாத்திரை (குளோர்தாலிடோன் 12.5) சேர்த்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் நாலு நாளாகக் கால் துவள்கிறது. நேற்று மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். தொடையில் குரக்களி பிடிக்கிறது என்கிறார். வயசுதான் என்கிறாள் அம்மா. பொடியால் இருக்குமோ என்று கேட்டதற்கு அப்பா முறைக்கிறார்: "அது வேருடி, மருந்தா?" டாக்டரிடமும் பொடியைப் பற்றிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மூலிகைப்பிரியன்
8 மார்ச், மாலை 6.40

அதிமதுரத்தைக் கைக்குழந்தைக்கே தாய்ப்பாலில் உரசிக் கொடுக்கிறோம். பாட்டுக்காரர்கள் நாளெல்லாம் வாயில் அடக்கிக்கொள்கிறார்கள். அதைப் போய்ச் சந்தேகப்படுகிறீர்கள். கால் வீக்கம் அம்லோடிபினுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு, மாத்திரைச் சீட்டிலேயே போட்டிருப்பான். இங்கிலீஷ் மருந்து செய்வதற்கெல்லாம் நம் வேர் பழி சுமக்க வேண்டுமா?

வார்டு_அக்கா
8 மார்ச், இரவு 7.05

வைகைக்கரை, மற்றதெல்லாம் அப்புறம். 71 வயது, படியேற முடியாத அளவுக்குக் கால் துவள்கிறது, நீர் மாத்திரை ஓடுகிறது. இன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். இரத்தத்தில் பொட்டாசியம், ஒரு ஈ.சி.ஜி. இரண்டும் உடனே வேண்டும். பொடி, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பொட்டாசியம் இறங்கினால் காலோடு நிற்காது, இதயத் துடிப்பில் போய் நிற்கும்.

சுக்குமல்லி
8 மார்ச், இரவு 7.20

பொட்டாசியம்னா வாழைப்பழம், இளநீர் கொடுங்க. இயற்கையா ஏறும்.

வார்டு_அக்கா
8 மார்ச், இரவு 7.24

வழியில் குடிக்கட்டும். ஆனால் வழியில்.

வைகைக்கரை
9 மார்ச், அதிகாலை 4.50

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து. பொட்டாசியம் 2.6. (3.5-க்கு மேல் இருக்க வேண்டுமாம்.) ஈ.சி.ஜி.யில் ஏதோ அலை தட்டையாகி, இல்லாத இன்னொரு அலை தெரிகிறது என்றார்கள். டிரிப்ஸில் மெதுவாக ஏற்றுகிறார்கள், மானிட்டர் மாட்டியிருக்கிறது. பொடியைக் காட்டினேன். பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி பாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டு "எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். "மூணு வேளை, ஒரு ஸ்பூன்" என்றோம். "எந்த ஸ்பூன்?" என்றாள். பதில் தெரியவில்லை.

வார்டு_அக்கா, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நன்றி.

மருந்துக்கடை_மேசை
9 மார்ச், காலை 8.15

பார்மசிஸ்ட் நான், இருபது வருஷம் கவுன்டரில் நிற்கிறேன். அந்தப் பயிற்சி டாக்டருக்கு ஒரு சல்யூட். நடந்ததாக எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

அதிமதுரத்தின் இனிப்பு கிளிசரைசின் என்ற பொருளால் வருகிறது. நம் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் பூட்டு ஒன்று உண்டு. அது ஆல்டோஸ்டிரோன் என்ற சாவிக்கானது, ஆனால் கார்ட்டிசாலும் அதில் கச்சிதமாகப் பொருந்தும். அதைத் தடுக்க அங்கே ஒரு நொதி காவல் நிற்கிறது, கார்ட்டிசாலை வேறொன்றாக மாற்றி அனுப்பிவிடும். கிளிசரைசின் அந்தக் காவலாளியைத் தூங்க வைக்கிறது. கார்ட்டிசால் உள்ளே புகுந்து பூட்டைத் திறக்கிறது. உப்பும் நீரும் தேங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது, கால் வீங்குகிறது, பொட்டாசியம் சிறுநீரில் போய்விடுகிறது. 1987-ல் எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் விளக்கிய விஷயம் இது.

இதற்கு மேல் நீர் மாத்திரை. குளோர்தாலிடோனும் பொட்டாசியத்தை வெளியேற்றும். வேர் ஏற்றிய பிரஷருக்கு மாத்திரை வந்தது, மாத்திரை வேரோடு சேர்ந்து பொட்டாசியத்தைத் துடைத்துவிட்டது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து எழுதுவது எங்கள் மேசையில் வாரத்துக்கு நாலு தடவை பார்ப்பதுதான். அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. பொடி என்ற துண்டு அவர் கையில் வரவே இல்லையே.

மூலிகைப்பிரியன், அம்லோடிபின் கால் வீங்க வைக்கும் என்றீர்கள், சரி. ஆனால் அது பிரஷரை 172-க்கு ஏற்றாது, பொட்டாசியத்தை இறக்காது. ஆறு வருஷம் சும்மா இருந்த மாத்திரை இது.

மூலிகைப்பிரியன்
9 மார்ச், காலை 9.30

அப்பா நலமாகட்டும், அது முதலில். ஆனால் இது லேப்பில் பிரித்தெடுத்த கெமிக்கலை வைத்துச் சொல்லும் கதை. முழு வேரில் ஒன்றையொன்று சமன்செய்யும் பொருட்கள் இருக்கும். காலங்காலமாகக் கொடுத்து வந்ததில் யாருக்கும் தெரியாமல் போய்விட்டதா?

கல்வம்
9 மார்ச், மதியம் 1.10

சித்த மருத்துவர் என்ற முறையில் இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூலிகைப்பிரியன், நாம் காலங்காலமாகக் கொடுத்தது எவ்வளவு? சூரணம் என்றால் வெருகடி, மூன்று விரல் நுனியால் எடுக்கிற அளவு. ஒன்று, மிஞ்சினால் இரண்டு கிராம். அனுபானம் (எதில் கலந்து சாப்பிடுவது) சொல்லி, பத்தியம் சொல்லி, இத்தனை நாள் என்று கெடு வைத்து, வைத்தியர் கண்முன்னால் கொடுத்தது. குன்மத்துக்கு, அதாவது வயிற்றெரிச்சல், வயிற்றுப்புண்ணுக்கு, நானும் அதிமதுரம் சேர்த்து எழுதுகிறேன், நாளையும் எழுதுவேன். ஸ்பூனால் அள்ளி இரண்டு மாதம் குடிப்பதை எந்த வைத்தியரும் சொல்லவில்லை.

இன்னொன்று. காலங்காலமாகக் கொடுத்தவர்களிடம் பிரஷர் கருவி இல்லை, பொட்டாசியம் பார்க்க வழியில்லை. கால் வீங்கினால் வாதம், துவண்டால் வயசு. இவர் அம்மா சொன்னதும் அதைத்தானே? "யாருக்கும் ஆகவில்லை" என்பதும் "யாரும் எழுதி வைக்கவில்லை" என்பதும் ஒன்றில்லை. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் என் ஓ.பி. சீட்டில் நோயாளி சாப்பிடும் ஆங்கில மருந்தை எழுத ஒரு வரிகூட விடாமல் பத்து வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

முழு வேர் பற்றி: 1946-ல் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர் அதிமதுரச் சாற்றை அல்சருக்குக் கொடுத்தார். பலருக்கும் நல்ல குணம் தெரிந்தது. கூடவே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு உடம்பில் நீர் கோத்தது, நிறுத்தியதும் வடிந்தது. அவர் அதையும் சேர்த்தே எழுதினார். அதிலிருந்து பிறந்த கார்பினாக்சலோன் என்ற மாத்திரையை 1960-களில் பிரிட்டனில் அல்சருக்குக் கொடுத்தார்கள், அதிலும் இதே வீக்கம், இதே பொட்டாசியம் குறைவு. பிறகு சிமெட்டிடின் என்ற புது அல்சர் மாத்திரை வந்தது, இது ஒதுங்கியது. ஆக, வேர் வயிற்றுக்கு வேலை செய்ததும் உண்மை, வீங்க வைத்ததும் உண்மை.

வைகைக்கரை
11 மார்ச், இரவு 8.30

பொட்டாசியம் 3.4. பொடியும் நீர் மாத்திரையும் நிறுத்தம். ஸ்பைரனோலாக்டோன் என்று வேறொன்று சின்ன அளவில் கொடுக்கிறார்கள், அது அந்தப் பூட்டையே மூடி வைக்குமாம். வாய்வழிப் பொட்டாசியம் சிரப்பை அப்பா சாத்துக்குடி ஜூஸில் கலந்தும் குடிக்க மாட்டேன் என்கிறார். "உங்க அதிமதுரம் இதைவிட எவ்வளவோ தேவலை" என்று நர்ஸிடம் சண்டை.

இன்று வீட்டுக்கு வந்ததும் ஸ்பூன் வேட்டை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்த பழைய குழிக்கரண்டி. தம்பி நகைக்கடையில் வேலை செய்கிறான். அம்மாவை அப்பா மாதிரியே குவித்து அள்ளச் சொல்லி, மூன்று பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். கடைத் தராசில் நிறுத்துச் சொன்னான்: 5.1, 4.8, 5.4. ஒரு வேளைக்கு 5 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 15.

எப்போதிருந்து என்று அப்பாவுக்கு நினைவில்லை. ஆனால் ஜி-பேயில் எல்லாம் கிடக்கிறது! 100 கிராம் பாக்கெட்: ஜனவரி 19, 29, பிப்ரவரி 8, 15, 21, 28, மார்ச் 6. ஏழு பாக்கெட். முதலில் பத்து நாளுக்கு ஒன்று, அப்புறம் ஆறு ஏழு நாளுக்கு ஒன்று. கேட்டால், "நல்லா கேக்குதேன்னு ராத்திரிக்கும் சேர்த்துக்கிட்டேன்" என்கிறார். பிப்ரவரி 8 வாக்கில்தான் மூன்று வேளையாகியிருக்கிறது.

மருந்துக்கடை_மேசை
11 மார்ச், இரவு 9.15

இதுதான் வேண்டும். எத்தனை பேர் "கொஞ்சம் சாப்பிட்டேன் சார்" என்பார்கள் தெரியுமா? உங்கள் தம்பியின் தராசும் ஜி-பேயும் செய்ததை என் மேசையில் ஒருவரும் செய்ததில்லை.

கணக்கு: தரமான வேரில் கிளிசரைசின் குறைந்தது 4% இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருந்துத் தரநூல். அந்த அடிமட்டத்தை வைத்தாலே 15 கிராமில் 600 மில்லிகிராம். ஐரோப்பிய உணவு வல்லுநர் குழு ஒரு நாள் வரம்பாகச் சொன்னது 100. ஏழு வாரம் சாப்பிட்டிருக்கிறார். செரிமானத்துக்கு அதிமதுரம் எடுப்பவர்களுக்கு ஐரோப்பிய மருந்து முகமை 4 வாரக் கெடு வைத்திருப்பது சும்மா இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கட்டடத் தொழிலாளி ஒருவர், 54 வயது, சில வாரம் தினமும் பை பையாகக் கறுப்பு அதிமதுர மிட்டாய் தின்று இதயம் நின்று இறந்தது 2020-ல் மருத்துவ இதழில் வந்தது. வெறும் மிட்டாய்.

பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேபிள் இருக்கிறதா?

வைகைக்கரை
11 மார்ச், இரவு 9.22

கையெழுத்தில் "அதி.பொடி 100" என்று ஸ்டிக்கர். அவ்வளவுதான்.

கல்வம்
11 மார்ச், இரவு 10.05

தயாரித்தவர் பெயர், லைசென்ஸ் எண், பேட்ச் எண், தேதி ஒன்றும் இல்லை. சரக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. நம்மூரில் அதிமதுரம் பெரிதாக விளைவதில்லை, ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வருவதுதான் அதிகம். குன்றிமணி வேரையும் இதற்கு மாற்றாகத் தள்ளிவிடுவது உண்டு. மீதிப் பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் பாக்கெட்டோடு வையுங்கள்.

இதைப் புகார் செய்ய வேண்டும். கடைக்காரரைப் பிடிக்க இல்லை, பதிவு செய்ய. சித்த மருந்துகளுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம்தான் பக்கவிளைவுப் புகார்களை வாங்கும் இடைநிலை மையம். அங்கிருந்து டெல்லி அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்துக்குப் போகும். எந்த மருந்தானாலும் காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்துநூல் ஆணையத்துக்கும் சொல்லலாம். இலவச எண் 1800-180-3024, பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. நோயாளி பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும். யாருக்கு, எந்த மருந்து, என்ன ஆனது, சொல்வது யார்: இந்த நான்கும் இருந்தால் அறிக்கை நிற்கும்.

மூலிகைப்பிரியன்
12 மார்ச், காலை 7.45

இப்படி ஒவ்வொருவரும் எழுதிப் போட்டால் நாளைக்கு அதிமதுரத்தையே தடை செய்துவிடுவார்கள். அதற்குத்தான் வழி பார்க்கிறீர்கள்.

ரைன்நதி
13 மார்ச், அதிகாலை 2.30

நான் ஜேர்மனியில இருக்கிறன், முப்பது வருசமாச்சு. மூலிகைப்பிரியன் அண்ணைக்கு இஞ்சத்தைய கதை ஒண்டு சொல்லட்டே.

இஞ்ச வயித்துக் கோளாறு எண்டால் எல்லாற்ற வீட்டிலயும் ஐபெரோகாஸ்ட் எண்டொரு துளிமருந்து இருக்கும். ஒன்பது மூலிகை. 1960கள்ல இருந்து விக்கிது. என்ர அம்மாவே சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில வச்சிருந்தவ. அதில ஷோல்க்ராவுட் எண்டொரு மஞ்சள் பூச் செடியும் சேரும். அந்தச் செடியால ஈரல் பாதிக்குது எண்டு தனித்தனி அறிக்கையள் சேரத் துவங்கிச்சுது. 2008-ல அரசாங்க மருந்து நிறுவனம் அந்தச் செடி கூடுதலாச் சேர்ந்த மருந்துகளை நிப்பாட்டி, குறைவாச் சேர்ந்ததுகளுக்கு எச்சரிக்கை எழுதச் சொன்னது. கம்பனி ஏலாது எண்டு இழுத்தது. ஒராள் ஈரல் செயலிழந்து செத்தாப் பிறகுதான், 2018-ல தாளில எழுதினவை: ஈரல் வருத்தம் உள்ளாக்கள், கர்ப்பிணியள் எடுக்கக் கூடாது எண்டு. பத்து வருசம்.

மருந்தைத் தடை செய்யேல்லை. இப்பவும் மருந்துக்கடையில இருக்கு. அந்தச் செடி இல்லாத வகையும் வந்திட்டுது. இவ்வளவும் ஆரோ கொஞ்சப் பேர் படிவம் நிரப்பினதால நடந்தது. ஆயிரக்கணக்கில குடிக்கேக்க ஒண்டு ரண்டு பேருக்கு வாறதை எந்த ஒரு டொக்டரும் தன்ர கண்ணால கண்டுபிடிக்கேலாது.

மருந்துக்கடை_மேசை
14 மார்ச், காலை 10.40

வைகைக்கரை கொடுத்த விவரத்தை நரஞ்ஜோ அளவுகோலில் போட்டுப் பார்த்தேன். 1981-ல் கனடாவில் வந்தது, பத்துக் கேள்வி, இது மருந்தின் வேலைதானா என்று மதிப்பெண் போடுவது. முன்பே அறிக்கைகள் உண்டு +1. பொடி தொடங்கிய பிறகு வந்தது +2. நிறுத்தியதும் தேறினார் +1. வேறு காரணமும் இருக்கலாம் (நீர் மாத்திரை) –1. பரிசோதனையில் உறுதி +1. அளவு கூடியபோது கூடியது +1. மொத்தம் 5, அதாவது "பெரும்பாலும் இதுவே".

கல்வம்
14 மார்ச், காலை 11.20

அந்தக் கடைசி +1-ஐ ஒப்புக்கொள்ள மாட்டேன். அளவு கூடிய பிறகு வீக்கம் தொடங்கியது என்றுதான் தெரிகிறது. இருந்த வீக்கம் அளவு கூடியதால் அதிகமானது என்று யாரும் பார்க்கவில்லை. 4. "இருக்கலாம்".

வைகைக்கரை
14 மார்ச், மதியம் 12.05

அப்பாவிடம் கேட்டேன். பிப்ரவரி முதல் வாரமே செருப்பு வார் இறுகியதாம், ஒரு ஓட்டை தளர்த்திப் போட்டாராம். யாரிடமும் சொல்லவில்லை. செருப்பை எடுத்துப் பார்த்தேன், இரண்டு ஓட்டை தளர்ந்திருக்கிறது.

மருந்துக்கடை_மேசை
14 மார்ச், மதியம் 12.11

செருப்பு சாட்சி சொல்லிவிட்டது! 5.

கல்வம்
14 மார்ச், மதியம் 12.30

நாலரை. செருப்பையும் படிவத்தில் எழுதுங்கள். மதிப்பெண்ணை அங்கே இருப்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும். நம் வேலை விவரம் கொடுப்பது. பொடியை மறுபடி கொடுத்து வருகிறதா என்று பார்க்கும் கேள்வியும் அதில் ஒன்று உண்டு, அந்த விஷப் பரீட்சை வேண்டவே வேண்டாம்.

வைகைக்கரை
2 ஏப்ரல், இரவு 9.10

ரொம்ப நாளாக வரவில்லை, மன்னிக்கவும். பொட்டாசியம் 4.3. எடை 68.9-லிருந்து 65.6, அத்தனையும் தண்ணீர். பிரஷர் இன்னும் முழுதாக இறங்கவில்லை, 144, 146 என்று நிற்கிறது. வேரின் வேலை நிறுத்தின மறுநாளே போகாது, சில வாரம் இழுக்கும் என்றார் டாக்டர். ரெனின், ஆல்டோஸ்டிரோன் (உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கச் செய்பவை) இரண்டும் குறைவு என்று ரிசல்ட் வந்தது. மருந்துக்கடை_மேசை சொன்ன காவலாளி கதையோடு பொருந்துகிறதாம்.

அதைவிடப் பெரிய செய்தி, யாருமே வயிற்றைப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. இந்த வயதில் புதிதாக எரிச்சல் வந்தால் முதலிலேயே எண்டோஸ்கோப்பி செய்திருக்க வேண்டுமாம். செய்தோம். இரைப்பையின் அடிப்பகுதியில் புண் புண்ணாக அழற்சி, எச்.பைலோரி கிருமி. 14 நாள் ஆன்டிபயாட்டிக். அதிமதுரம் எரிச்சலை அடக்கி வைத்ததில் இரண்டு மாதம் போய்விட்டது.

அறிக்கை அனுப்பிவிட்டேன். திரும்பப் போன் செய்து ஸ்பூன் எடையை இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

அப்பா இப்போது நோட்டுப் போட்டு எழுதுகிறார். நேற்றைய பக்கம்: "காலை 6.40. 142/84. வீக்கம் இல்லை. இட்லி 3. மாத்திரை போட்டதிலிருந்து வாயெல்லாம் துருப்பிடித்த ஆணி சப்பின மாதிரி கசப்பு. இதையும் எழுதி அனுப்பவும்."

மருந்துக்கடை_மேசை
2 ஏப்ரல், இரவு 9.35

கிளாரித்ரோமைசின் கசப்பு. அப்பா சொல்வது நியாயம், அனுப்புங்கள்.

மூலிகைப்பிரியன்
3 ஏப்ரல், காலை 6.20

நான் தினம் ஒரு சிட்டிகை சாப்பிடுகிறவன். நேற்று பிரஷர் பார்த்தேன், 128/80. நிறுத்தப்போவதில்லை. மாதம் ஒரு தடவை பார்த்துக் குறித்து வைப்பேன், அவ்வளவுதான்.

கல்வம்
3 ஏப்ரல், காலை 8.00

அவ்வளவுதான் கேட்டோம்.

தாமிரபரணி_மருமகள்
19 ஏப்ரல், இரவு 7.50

இழை பழசு என்றாலும் இங்கேயே கேட்கிறேன். மாமியாருக்கு 66. மலச்சிக்கலுக்கு இரண்டு வருஷமாக தினம் ராத்திரி நிலாவாரைப் பொடி. எங்கள் பக்கம் காட்டிலேயே விளைவது, பயப்பட என்ன இருக்கிறது என்பார். இதயத்துக்கு டிஜாக்சின் மாத்திரையும் சாப்பிடுகிறார். இரண்டு நாளாகப் படபடப்பு, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறதாம். இதுவும் அதுவும் சம்பந்தமா?

வைகைக்கரை
19 ஏப்ரல், இரவு 7.58

இன்றைக்கே கூட்டிப் போங்கள். பொட்டாசியமும் ஈ.சி.ஜி.யும். தினமும் பேதிக்கு எடுத்தால் பொட்டாசியம் இறங்கும், அது இறங்கினால் டிஜாக்சின் விஷமாகும் என்று வார்டு_அக்கா வேறொரு இழையில் எழுதியிருந்தார். மாத்திரை, பொடி எல்லாம் ஒரே பையில். எந்த ஸ்பூனால் எடுக்கிறார், குவித்தா, தட்டையாகவா? கடைசியாக எப்போது வாங்கினது? பாக்கெட் இருக்கிறதா?

தாமிரபரணி_மருமகள்
19 ஏப்ரல், இரவு 8.02

ஆட்டோ சொல்லிவிட்டேன். பாக்கெட்டை இன்றைக்குச் சாயங்காலம்தான் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

வைகைக்கரை
19 ஏப்ரல், இரவு 8.03

குப்பை வண்டி காலையில்தானே வரும்? எடுத்து வையுங்கள்.